ரேகை இல்லாத விரல்

மதினியின் போன் மதினியை அடையாளம் கண்டுகொள்வதில்லை. பின்பக்கத்து வட்டத்தில் விரலை வைப்பாள், உர்ரென்று அதிரும். முந்தானையில் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பாள், மறுபடி அதிரும். வாயால் ஊதிப் பார்ப்பாள், எச்சில் தொட்டுப் பார்ப்பாள், கடைசியில் நாலு எண்ணை அழுத்தித்தான் திறப்பாள். "இந்தச் சனியனுக்கு என்னைய யாருன்னே தெரியல புள்ள" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அதே போன் அவள் மகன் விரலுக்குத் திறக்கும், அண்ணன் விரலுக்கும் திறக்கும். வாங்கின காசு மட்டும் அவளுடையது.

முந்திரிக்கொட்டை உடைக்கிற விரல் அது. தகரத் தட்டில் கொட்டையைக் கொட்டி அடியில் தீ மூட்டினால், கொஞ்ச நேரத்தில் ஓட்டுக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்து, அதுவே பற்றிக்கொண்டு குப்பென்று எரியும். அங்கேதான் இருக்கிறது கைப்பக்குவம். ஒரு மூச்சு முந்தினால் பருப்பு பச்சை, ஒரு மூச்சு பிந்தினால் கரி. தட்டைக் கவிழ்த்து, மண்ணைத் தூவித் தீயை அடக்கி, சாம்பலில் புரட்டி, கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் பருப்பு இரண்டாகும், இரண்டானால் விலை இறங்கும். அந்த எண்ணெய் பட்ட தோல் வெந்து, கறுத்து, உரிந்து, புதுத்தோல் வந்து, அதுவும் கறுக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் தப்பாது. பத்து வருஷம் உடைத்த கையில் ரேகை என்று ஒன்று மிஞ்சுவதில்லை. ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்ன நாளிலிருந்து எங்கள் தெருப் பெண்கள் அந்த மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு விரல்கூட ஒத்துவரவில்லை. "பத்தும் போச்சா? சரி, காலு வெரல வைக்கவா?" என்று கடைக்காரரிடம் கேட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. கேட்கக்கூடியவள்தான்.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஆதனக்கோட்டை வரும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தாலும் மூக்கு எழுப்பிவிடும். புகை வாசம், அதற்குள் நெய் வறுபடுவதுபோல இன்னொரு வாசம். சாலையோரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தட்டில் பருப்பு, பக்கத்தில் படி, மடியில் சுருக்குப்பை. எங்கள் ஊர் அதற்குப் பக்கம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அந்த வரிசையில்தான் இருந்தாள். பஸ் நின்றால் ஓடு, ஜன்னலுக்கு நீட்டு, கிளம்புவதற்குள் காசை வாங்கு. சில பேர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வண்டி நகரும்வரை பையைத் துழாவிக்கொண்டே இருப்பார்கள். அப்படிப் போன காசை அம்மா எழுதி வைத்திருந்தால் ஒரு பசுமாடு வாங்கியிருக்கலாம்.

எழுத எங்கே தெரியும் அப்போது. அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்து அதற்கப்புறம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராத்திரி மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் அம்மா மடியில் தூங்கிப்போவேன். எழுத்தை வரிசையாக அ, ஆ என்று ஆரம்பிக்காமல், வயலும் வீடும் தெரிந்த பெண்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் பாடத்து முதல் சொல் 'பட்டா'. அம்மா ஸ்லேட்டில் அதை எழுதிக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினாள். "எழுதியாச்சு. நெலம் எங்க?" என்று கேட்டாராம் அப்பா. இருந்த அரைக்காணியும் தாத்தா பேரில்தான் இருந்தது. அம்மாவுக்கு எழுத வந்த முதல் சொல், அவள் வாழ்நாளில் ஒரு காகிதத்திலும் அவள் பேரோடு சேர்ந்து வரவே இல்லை.

எழுத்தோடு சேர்ந்து சைக்கிளும் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் எழுத்து படித்தால் மட்டும் போதாது, எங்கேயும் போய்வரத் தெரிய வேண்டும் என்று அறிவொளிக்காரர்கள் சைக்கிள் பழகச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துத் திடலில் சாயங்காலமானால் ஒரே கூத்து. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுவதும், எழுவதும், பின்னால் ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடுவதும். ஆம்பளைகள் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். என்னென்ன சொன்னார்கள் என்பதை அம்மா இன்னும் ஒன்றுவிடாமல் சொல்லுவாள், ஆனால் எழுதுகிற மாதிரி இல்லை. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருப்பதைப் பின்னாளில் கல்லூரி நூலகத்தில் படித்தேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள் என்பதும், குழந்தையை முன்னால் உட்கார வைக்க அந்தக் கம்பி தோதாக இருந்தது என்று சிலர் அதையே விரும்பினார்கள் என்பதும் அதில் இருந்தது. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கம்பியில் உட்கார்ந்த பிள்ளை நான்.

துண்டைச் சுற்றி வைப்பாள், உறுத்தாமலிருக்க. அப்படியும் உறுத்தும். பின்னால் கேரியரில் கொட்டை மூட்டை. என் தலைக்கு மேலே அவள் மூச்சு. மேட்டில் ஏறும்போது அந்த மூச்சு கனத்துக்கொண்டே வரும், இறக்கத்தில் திடீரென்று நின்றுவிடும், காற்று மட்டும் கேட்கும்.

சைக்கிள் வருவதற்கு முன்னால் கொட்டையை வியாபாரி கொண்டுவந்து போடுவார். அவர் சொன்னதுதான் விலை. உடைத்த பருப்பையும் பாதிக்குமேல் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்வந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வீட்டில் பிள்ளை அழும், மாடு கத்தும். சைக்கிள் வந்ததும் அம்மா முந்திரித் தோப்பு இருக்கிற ஊர்களுக்கே போனாள். நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறும் என்பது கணக்கு. கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்தே எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுவாள். பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்பி, உலை வைத்து, எனக்குச் சோறு போட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குச் சாலையில் இருப்பாள். அவள் சேர்த்த காசைவிட அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் அவள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவாள்.

போனைப் பற்றிச் சொல்ல வந்து சைக்கிளில் ஏறிவிட்டேன். ஆனால் மதினி போனை எடுக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கம்பி உறுத்தத்தான் செய்கிறது.

கிராமத்துக்கு இணையம் முதலில் ஓர் அறையாகத்தான் வந்தது. கல்லூரியிலிருந்து ஒரு தடவை எங்களைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாக வைத்து 1998இல் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்திருந்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்று கணினியில் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள் என்றார்கள். அந்தச் சேதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது, எல்லோரும் கேட்கிற மாதிரி கத்திச் சொல்கிற இணையம். கொஞ்ச வருஷம் கழித்து மேலூர்ப் பக்கம் சென்னை ஐஐடிக்காரர்களின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் வந்தன. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு கேமரா. சில மையங்களைப் பெண்களே நடத்தினார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் அறை என்று ஒன்று இருந்தால் அதற்கு நேரம் உண்டு, வாசல் உண்டு, வாசலில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் உண்டு. அடுப்பில் உலை வைத்துவிட்டு அங்கே போய்வர எந்தத் தாயால் முடியும்? நான் அப்போது அப்படி யோசிக்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது, அடுப்பு என் பொறுப்பில் இல்லை.

இணையம் இடுப்பில் செருகுகிற பொருளானது 2016இல். செப்டம்பரில் ஜியோ வந்தது. முதலில் இலவசம், அப்புறம் சல்லிசு. அண்ணன் புதுக்கோட்டை போய் வரிசையில் நின்று ஒரு சிம் வாங்கிவந்தான். நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். மறுநாள் சாலையில் அம்மா தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், காரில் வந்தவர்கள் எல்லோரும் ஐந்நூறை நீட்டுகிறார்கள். ஒரு வாரம் பருப்பு விற்கவே இல்லை. ஒருத்தர் மட்டும் போனைக் காட்டி "இதுல அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "அதுல என்னத்தத் தம்பி அனுப்புவ? காத்தா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள் அம்மா.

இப்போது அதே அம்மா பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி பேசுகிறது. இருநூறு ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்லும். கண் மங்கிவிட்ட அம்மாவுக்கு அது வசதி. ஒரு தடவை பெட்டி பேசவில்லை. வாங்கினவர் போனில் பச்சை டிக்கைக் காட்டிக்கொண்டே காரில் ஏறப் போனார். "ஒன் போனு ஒனக்குச் சொல்லும். எம்பொட்டி எனக்குச் சொல்லணும்ல" என்று கதவைப் பிடித்துக்கொண்டாளாம். பழைய பஸ் ஜன்னல் படிப்பு எங்கே போகும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி: எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறீர்களா? கிராமப்புற இந்தியாவில் ஆம் என்ற பெண்கள் 24.6 சதவீதம், ஆண்கள் 48.7. ஒன்றுக்கு இரண்டு. இந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வரும். அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் "அதெல்லாம் நமக்குத் தெரியாதுத்தா" என்றிருப்பாள், பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டே. மதினியிடம் கேட்டிருந்தால்? 2019இல் அண்ணன் குளிக்கப் போகும் இருபது நிமிஷம்தான் அவளுக்கு இணையம். அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் நின்ற மரம் எது விழுந்த மரம் எது என்று எண்ணவே வேண்டியிருக்கவில்லை. முந்திரி, பலா, தென்னை எல்லாம் தலைகுப்புறக் கிடந்தன. கரண்ட் வர நாட்கணக்கில் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றினோம். அந்த வருஷத்துக்கப்புறம் உள்ளூர்க் கொட்டை குறைந்துபோய், வெளியூர்க் கொட்டையை விலை கொடுத்து வாங்கித்தான் வறுக்க வேண்டியிருந்தது. முன்னமே பாதித் தோப்பு தைலமரக் காடாகியிருந்தது. அதெல்லாம் பெரிய கதை, இங்கே வேண்டாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ் நின்றது. கார் நின்றது. வாழ்நாளில் முதல்முறையாகச் சாலை வெறிச்சோடிக் கிடந்ததை அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாற்பது கிலோ பருப்பு. வாங்கின கொட்டைக்கு வட்டி. மகளிர் குழுவில் வாங்கின கடனுக்குத் தவணை. மதினி ஒரு நாள் ராத்திரி எனக்குப் போன் செய்து, சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் யாருக்காவது பருப்பு வேண்டுமா கேட்கச் சொன்னாள். நான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'எங்கள் வீட்டில் வறுத்து உடைத்தது.' பதினோரு பேர் கை தூக்கினார்கள். மே மாதம் கூரியர் ஓட ஆரம்பித்ததும் முதல் பெட்டி வந்தது. நான் மாடி மாடியாக ஏறிக் கொடுத்தேன்.

இணையம் முன்பின் தெரியாத உலகத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும் என்று எழுதுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். மதினியின் முதல் முப்பது வாடிக்கையாளர்களில் முப்பது பேரும் யாரோ ஒருத்தருக்குச் சொந்தம். என் அடுக்ககம், அவள் தம்பி வேலை பார்த்த துபாய் அறை, சின்ன மாமனாரின் மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். நகரத்தில் ஒரு நாத்தனார் இல்லாத பெண்ணுக்கு, போன் இருந்தும் முதல் ஆர்டர் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணும் அதே வருஷம் அதே பருப்பைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள். எல்லார் வீட்டிலும் பருப்பு இருந்தது. நாலு மாசத்தில் விட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போனாள்.

படம் எடுப்பது பெரிய பாடாக இருந்தது. மதினி தன் முகத்தைப் போட மாட்டாள். ஸ்டேட்டஸை அவள் மாமன் மச்சான் எல்லோரும் பார்ப்பார்கள், கண்ணு படும், பேச்சு வரும். அதனால் கையை மட்டும் எடுத்தாள். கட்டையை ஓங்கின கை, ஓடு பிளந்து வெள்ளையாகப் பருப்பு தெரிகிற நொடி. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல விளம்பரப் படம் கிடையாது. சென்னையிலிருந்து ஒரு அம்மாள் பதில் போட்டார்கள்: 'கை ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு? சுத்தமா செய்றீங்களா?'

மதினி எனக்கு அதை அனுப்பிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் புதுக்கோட்டையில் ஒரு ஜோடி கையுறை வாங்கினாள். உறை போட்டால் கொட்டை வழுக்கும், கட்டை விரலில் விழும், சூட்டில் உறை ஒட்டிக்கொள்ளும், வேலைக்கு ஆகாது. படத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வாள். இப்போதும் அவள் ஸ்டேட்டஸில் வருகிற கை உறை போட்ட கை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. விற்கிறவள் அவள், சொல்லிவிட்டு ஆர்டரை நானா பிடித்துத் தரப் போகிறேன்?

பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு எண் வேண்டும் என்று அந்த அம்மாள்தான் அடுத்துக் கேட்டார்கள். நல்லதுக்குத்தான் கேட்டார்கள் என்று பிறகு புரிந்தது. அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கிற சின்னத் தொழிலுக்கு வெறும் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நிரப்பினார்கள். முகவரிச் சான்று கேட்டது. கரண்ட் பில் தாத்தா பேரில். வீட்டு வரி ரசீது அப்பா பேரில். மதினி பேரில் இருந்தது ஆதார் அட்டையும் குழுவின் கடன் புத்தகமும்தான். நான் சென்னையில் இருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "பட்டா, பட்டா." பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்து, அப்புறம்தான் அந்தப் பதினாலு இலக்க எண் வந்தது.

அந்த வருஷமே பிள்ளைக்குப் போனில் வகுப்பு. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். காலையில் பத்து மணிக்குக் கணக்கு வகுப்பு, பத்து மணிக்குத்தான் பட்டணத்துப் பெண்கள் சமையல் முடித்து ஆர்டர் போடுவார்கள். வகுப்பு நடுவில் 'அரை கிலோ முழுப்பருப்பு' என்று மேலே வந்து விழும். பிள்ளை அதைத் தள்ளிவிடுவான். தள்ளினது எங்கே போனது என்று மதினிக்குத் தெரியாது. அப்படி ஒரு கல்யாண ஆர்டர், ஆறு கிலோ, போய்விட்டது. பிள்ளையை அடித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி என்னிடம் அழுதுகொண்டே, "அவன் படிக்கத்தானே இதெல்லாம்? அவன் படிப்புக்குக் குறுக்க வந்துட்டு அவனையே அடிச்சேன் பாரு" என்றாள். ஆறு மாசத்தில் சேர்த்து, தனக்கென்று ஒரு போன் வாங்கினாள். அதுதான் அவளைத் தெரியாத அந்தப் போன்.

ஒரு தடவை ஏமாந்தாள். இருபது கிலோ வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன் என்று ஒருத்தன் இந்தியும் தமிழும் கலந்து பேசினான். கட்டம் ஒன்றை அனுப்பி, ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்து விழும் என்றான். பணம் அனுப்பத்தான் அந்த எண் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நாலாயிரத்துச் சொச்சம் போனது. 1930க்கு அழைத்துப் புகார் சொன்னாள். பணம் வரவில்லை. அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வான் என்று பயம். அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா, "பஸ்ஸுல போன காசுன்னு நெனச்சுக்கத்தா" என்றாளாம்.

அந்த வரி எனக்கு ரொம்ப நாள் மனசில் கிடந்தது. பஸ்ஸில் காசு போனபோது அம்மா தனியாக இல்லையே. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி வண்டி எண்ணைப் பார்த்து வைப்பாள், ஒருத்தி மறுநாள் அதே கண்டக்டரைப் பிடித்துச் சண்டை போடுவாள். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையிலேயே பத்து ரூபாய் ஏறும். கொட்டை என்ன விலை, எந்தத் தோப்பில் ஏலம், எவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் அந்தச் சாலையோரத்தில்தான் நடந்தது. சைக்கிள் அம்மாவை வெளியே கொண்டுபோனது. போன் மதினிக்குச் சந்தையை வீட்டுக்குள்ளே கொண்டுவந்துவிட்டது. வீட்டைவிட்டு இறங்காமல் துபாய்க்கு விற்கிறாள் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லுவான். 'இறங்காமல்' என்கிற சொல்லை அவன் கொஞ்சம் அழுத்திச் சொல்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

ராத்திரி பத்தரைக்கு மதினி பதில் போட உட்காருவாள். பாத்திரம் கழுவி, பிள்ளை தூங்கி, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, அப்புறம். 'கிலோ எவ்வளவு', 'குறைச்சுத் தருவீங்களா', 'போன தடவை ரெண்டு கசந்துச்சு'. ஒவ்வொருத்தருக்கும் கும்பிடு போட்டு, பூ போட்டு, பதில். குறைத்துக் கேட்கிறவருக்கு எதிராகத் திரும்பிப் பார்க்க இருட்டில் யாரும் இல்லை. அவள் குறைத்துவிடுவாள். நான் ஊருக்குப் போன ஒரு ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன்: போன் வெளிச்சம் அவள் முகத்தில், கொசு ஒன்று அந்த வெளிச்சத்தையே சுற்றிக்கொண்டு. கூலிக்கு நேரம் உண்டு, சாலைக்குக் கடைசி பஸ் உண்டு. இதற்குக் கடை சாத்துகிற நேரமே இல்லை.

ஆனால் நான் நினைத்த அளவுக்கு அவள் வீட்டுக்குள்ளும் இல்லை. போனில் விற்கலாமே தவிரப் பார்சலைப் போனில் அனுப்ப முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அவளே புதுக்கோட்டைக்குப் போகிறாள். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையல்லவா, முதலில் அண்ணன் வண்டியில் கொண்டுபோன வேலை, "எண்ணெய்க்கு எதுக்குக் காசு?" என்று இவள் கைக்கு வந்துவிட்டது. கூரியரில் கொடுத்துவிட்டு, டேப்பும் அட்டைப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் ஒரு ஜூஸ் குடித்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஸ்டேட்டஸில் அல்ல, எனக்கு மட்டும். பஸ்ஸில் தெருப் பெண்கள் நாலு பேரோடு போக ஆரம்பித்து, அவர்களோடு 'கொட்டை' என்று ஒரு குழு வாட்ஸ்அப்பில் தொடங்கியிருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண்ணும் அதில் உண்டு. காலையில் வியாபாரி எந்த ஊரில் என்ன விலை சொன்னார் என்று அதில் குரல் பதிவு வந்து விழும். யாராவது கிலோவுக்கு ஐம்பது குறைத்துக் கேட்டால் அந்தச் செய்தியைப் படம் பிடித்து அதில் போடுவார்கள். கீழே நாலு கோபமுகம். வரிசை திரும்பிப் பார்க்கிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் அம்மாவின் சைக்கிள் கயிற்றில் தொங்குகிறது, முன்சக்கரம் இல்லை, கம்பி மட்டும் துரு ஏறாமல் இருக்கிறது. எவ்வளவு பேர் உட்கார்ந்த கம்பி. எத்தனையோ தடவை அண்ணன் எடைக்குப் போடப் போய் நான் தடுத்திருக்கிறேன். அதன் முன்னால் உட்கார்ந்து மதினி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய பெட்டிகளை அப்படியே படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். அரைமணி நேரத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடமிருந்து செய்தி: 'பருப்பு வேண்டாம் சகோதரி. பின்னால் இருக்கும் பழைய சைக்கிள் விலைக்குக் கிடைக்குமா? ஓட்டலில் அலங்காரத்துக்கு.'

மதினி சத்தமாகப் படித்தாள். நான் உடனே, "கிடையாதுன்னு போடு மதினி" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. திண்ணையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"எம்புட்டுக்குக் கேக்குறாரு?"

"வெல சொல்லலயே அயித்த."

"மூவாயிரம்னு போடு. ரெண்டுக்கு வருவாரு." ஒரு கொட்டையை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு, தேறாது என்று தூரப் போட்டாள். "மொதல்ல காசு. அப்பறம் சைக்கிளு. பொட்டி சொல்லணும், ஆமா."